ஸ்ரீ சுகுமார் சென்னும் தொகுதிக் கோடுகளும்

தேர்தல் காலம் நெருங்கிவிட்டால் நம் ஊர்த் திண்ணைகளிலும் கடைத்தெருக்களிலும் எழும் முதற் கேள்வி, இத்தடவை நிற்பவர் யார் என்பதே. அவர் எக்கட்சி, எந்த ஊர், கையில் பணமுண்டா, நாவில் வன்மையுண்டா என்று விசாரணை தொடரும். தொகுதியின் எல்லை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, அதை அவ்வாறு வகுத்தவர் யார் என்று கேட்பவரை நாம் அதிகம் கண்டதில்லை. ஆயினும் அபேட்சகர் மனுத் தாக்கல் செய்வதற்கு வெகு காலத்துக்கு முன்பே, ஒரு படத்தின் மீது இழுக்கப்பட்ட கோடு பாதித் தேர்தலை நடத்தி முடித்துவிடக்கூடும். ஆற்றின் இக்கரைக் கிராமங்களை அக்கரையோடு சேர்த்தால் ஒரு கட்சிக்கு ஜயம். பிரித்தால் வேறொன்றுக்கு ஜயம். வோட்டர் ஒருவரும் மனம் மாறாமலே முடிவு மாறிவிடும்.

சுதந்திர இந்தியாவில் இக்கோடுகளை வகுக்கும் பொறுப்பு முதன்முதலாக வந்து சேர்ந்தவர்களுள் முதன்மையானவர் ஸ்ரீ சுகுமார் சென். நமது முதல் பிரதம தேர்தல் கமிஷனர் அவரே. அவர் பெட்டிகளையும் மையையும் கொண்டு நடத்திய முதல் தேர்தலைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். கோடுகள் சம்பந்தமாக அவர் தலைமையிலிருந்த கமிஷன் செய்த காரியமோ அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. தேசமெங்கும் தொகுதி மறுவரையறை பற்றிய வாதம் மூண்டிருக்கும் இக்காலத்தில், அம்மனிதரின் வாழ்க்கையை நம் ஊழியர்கள் ஒரு முறை நினைவுபடுத்திக்கொள்வது நலமென்று கருதுகிறோம்.

வங்காளத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிறந்தவர் ஸ்ரீ சென். கல்கத்தா பிரஸிடென்ஸி கலாசாலையில் பயின்று, பின்னர் லண்டன் சர்வகலாசாலையில் கணித சாஸ்திரத்தில் தங்கப் பதக்கம் பெற்றார். 1920களின் தொடக்கத்தில் இந்திய சிவில் சர்வீஸில் சேர்ந்து, வங்காளத்தின் பல ஜில்லாக்களில் நீதிபதியாக இருந்தார். தேசம் விடுதலை பெற்ற பின் மேற்கு வங்க ராஜாங்கத்தின் தலைமைக் காரியதரிசியாக உயர்ந்தார். மேடையேறிப் பேசிய வழக்கம் அவருக்கில்லை; சிறை சென்ற தியாகியுமல்லர். அன்னிய ராஜாங்கத்தில் பழகிய உத்தியோகஸ்தர் ஒருவரிடமா ஜனநாயகத்தை ஒப்படைப்பது என்று தேசபக்தர் ஒருவர் அன்று ஐயுற்றிருந்தால் அதில் வியப்பில்லை. அந்த ஐயத்துக்கு விடை அவருடைய காரியங்களில் இருக்கிறது. தமது சரித்திரத்தை அவர் தாமாக எழுதி வைக்கவில்லை.

1950 ஜனவரி 25ஆந் தேதி தேர்தல் கமிஷன் ஸ்தாபிக்கப்பட்டது. மார்ச்சு 21ஆந் தேதி ஸ்ரீ சென் அதன் தலைமைப் பதவியை ஏற்றார். 1951 வசந்த காலத்திலேயே தேர்தலை நடத்திவிட வேண்டுமென்பது பிரதம மந்திரி பண்டித ஜவாஹர்லால் நேருவின் அவா. காரியமோ மலைபோல் நின்றது. 1937இல் சென்னை மாகாணச் சட்டசபைக்குத் தேர்தல் நடந்து, 215 ஸ்தானங்களில் 159ஐக் காங்கிரஸ் கைப்பற்றியதை நாம் பெருமையுடன் சொல்லிக்கொள்கிறோம். அத்தேர்தலில் சொத்தோ வரியோ படிப்போ உடையவர்களுக்கே வோட்டு. அதிலும் சமயவாரியாகத் தனித் தொகுதிகள். புதிய அரசியல் சட்டமோ 21 வயது நிரம்பிய ஆண், பெண் அனைவரையும் ஒரே ஜாபிதாவில் சேர்த்தது. வோட்டர்கள் 17 கோடிக்கு மேல். அவர்களில் மிகப் பெரும்பாலோர் எழுத்தறியாதவர்கள். பார்லிமெண்டுக்கும் ராஜ்யச் சட்டசபைகளுக்கும் ஒருங்கே தேர்தல் நடக்க வேண்டும்.

ஜாபிதாக்களைத் தட்டெழுத மட்டும் 16,500 குமாஸ்தாக்கள் தற்காலிகமாக அமர்த்தப்பட்டனர். 20 லட்சம் இரும்புப் பெட்டிகள் செய்ய 8,200 டன் எஃகு செலவாயிற்று. 2,24,000 வோட்டுச் சாவடிகள் அமைந்தன. படிப்பறியாதவரும் பிழையின்றி வோட்டுப் போடும் பொருட்டு ஒவ்வோர் அபேட்சகருக்கும் தனிப் பெட்டி வைத்து, அதன்மேல் அவருடைய சின்னத்தை ஒட்டினார்கள். ஒருவரே இரு முறை வோட்டுப் போடாதிருக்க விரலில் அழியா மை இடப்பட்டது. 1951 அக்டோபர் 25ஆந் தேதி இமாசலப் பிரதேசத்துச் சினி தாலூகாவில் முதல் வோட்டு விழுந்தது. 1952 பிப்ரவரியில் தேசம் முழுவதும் வோட்டெடுப்பு முடிந்தது.

இவ்வளவு வேலைக்கிடையில் ஸ்ரீ சென் எடுத்த ஒரு முடிவு கடுமையானதென்றே நாம் சொல்வோம். வடநாட்டின் பல பகுதிகளில் பெண்கள் தம் பெயரைச் சொல்ல மறுத்து, இன்னாருடைய தாய் என்றும் இன்னாருடைய மனைவி என்றும் மட்டும் பதிந்துகொண்டிருந்தார்கள். பெயரில்லாதவரை ஜாபிதாவில் வைத்திருக்க முடியாதென்று அவர் நின்றார். அவகாசம் நீட்டியும் சுமார் 28 லட்சம் பெண்களின் பதிவுகள் நீக்கப்பட்டன. அத்தனை பேர் அத்தேர்தலில் வோட்டிழந்தது சிறு விஷயமன்று. சமூகத்தின் வழக்கத்துக்கான தண்டனையை அதற்குப் பலியானவர்களே ஏற்க நேர்ந்தது. ஆனால் பிரஜை என்பவர் ஒருவருடைய சொந்தத்தால் அறியப்படுபவரல்லர், தம் சொந்தப் பெயரால் நிற்பவர் என்ற நியதி அதனால் வேரூன்றியது. அடுத்த தேர்தலுக்குள் லட்சக்கணக்கான பெண்கள் தம் பெயரோடு ஜாபிதாவில் ஏறினார்கள்.

இனிக் கோடுகளின் கதைக்கு வருவோம். வோட்டரைப் பதிந்தாலும், பெட்டியைச் செய்தாலும், தொகுதி இன்னதென்று தெரியாமல் தேர்தல் இல்லை. தொகுதிகளை யார் வகுப்பது என்பதை அரசியல் சட்டம் அப்போது தெளிவாகச் சொல்லவில்லை. 1950ஆம் வருஷத்துப் பிரஜைப் பிரதிநிதித்துவச் சட்டம் ஒரு வழி செய்தது. தேர்தல் கமிஷன் திட்டம் தயாரிக்கும். அந்தந்த ராஜ்யத்துப் பார்லிமெண்டு அங்கத்தினர்களைக் கொண்ட ஆலோசனைக் குழுக்கள் அதைப் பார்க்கும். ஜனாதிபதி உத்தரவு பிறப்பிப்பார். அவ்வுத்தரவு பார்லிமெண்டின் முன் வைக்கப்படும். பார்லிமெண்டு தன் இஷ்டப்படி அதைத் திருத்தலாம். சட்டம் படித்த நமக்கு இதன் உள்ளிருக்கும் அபாயம் உடனே புலனாகும். எந்தத் தொகுதியில் நிற்பதென்று கணக்குப் பார்க்கும் அங்கத்தினரே அத்தொகுதியின் எல்லையைத் திருத்தும் அதிகாரமும் உடையவராகிறார். வழக்காளியே தீர்ப்பு எழுதுவதற்கு இது ஒப்பாகும். போதாதற்கு 1951 ஜனத்தொகைக் கணக்கு வெளிவருமுன், மதிப்பீட்டைக் கொண்டே தொகுதிகள் வகுக்கப்பட்டன. முடிவில் பல கட்சியினருக்கும் தனி நபர்களுக்கும் அதிருப்தியே மிஞ்சியது.

இந்த அபாயம் கற்பனையன்று என்பதற்கு அமெரிக்க நாட்டின் சரித்திரம் சாக்ஷி. அங்கே மாஸசூஸெட்ஸ் ராஜ்யத்தின் கவர்னராக இருந்தவர் எல்பிரிட்ஜ் ஜெரி. அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தில் கையொப்பமிட்ட தேசபக்தர் அவர். 1812இல் அவருடைய கட்சியினர் ராஜ்ய மேல்சபைத் தொகுதிகளைத் தமக்குச் சாதகமாக வெட்டி ஒட்டி வகுத்த மசோதாவுக்கு அவர் சம்மதம் தந்தார். அவற்றுள் ஒரு தொகுதி பல்லி போன்ற ஒரு பிராணியின் வடிவத்தில் வளைந்து கிடந்தது. எதிர்க்கட்சிப் பத்திரிகை அதற்குச் சிறகும் நகமும் வரைந்து, ஜெரியின் பெயரையே சூட்டிவிட்டது. அவ்வருஷத் தேர்தலில் எதிர்க்கட்சிக்கு மொத்த வோட்டு அதிகம் கிடைத்தும், 40 மேல்சபை ஸ்தானங்களில் 29ஐ ஜெரியின் கட்சியே அடைந்தது. ஜெரி மட்டும் கவர்னர் பதவியை இழந்தார். பின்னர் அமெரிக்காவின் உப ஜனாதிபதியாகி 1814இல் காலமானார். அவர் செய்த தேசசேவையை இன்று அறிந்தவர் சிலரே. தொகுதிப் புரட்டுக்கு உலகம் அவர் பெயரையே வழங்குகிறது. அமெரிக்காவின் பல ராஜ்யங்களில் சட்டசபையில் பெரும்பான்மை பெற்ற கட்சி தொகுதிகளை வகுப்பதும், மற்றது நியாயஸ்தலம் ஏறுவதும் இரு நூற்றாண்டு கடந்தும் ஓயவில்லை.

ஸ்ரீ சென்னின் கமிஷன் தன் முதல் அனுபவத்திலிருந்து பாடம் கற்றது. இனி வரும் மறுவரையறைகளைச் சுயேச்சையான ஒரு கமிஷனே செய்யவேண்டுமென்று அது ராஜாங்கத்துக்கு யோசனை கூறியது. ராஜாங்கமும் அதை ஒப்புக்கொள்ள, 1952இல் தொகுதி வரையறைக் கமிஷன் சட்டம் பிறந்தது. நீதிபதிகளாக இருப்பவரோ இருந்தவரோ இருவரும், பிரதம தேர்தல் கமிஷனரும் அதில் அமர்வார்கள். சென்னை ஹைக்கோர்ட்டிலும் பின்னர் சுப்ரீம் கோர்ட்டிலும் நீதிபதியாக இருந்த ஸ்ரீ ந. சந்திரசேகர அய்யர் அதன் தலைவரானார். பார்லிமெண்டு, சட்டசபை அங்கத்தினர்கள் துணை அங்கத்தினர்களாக இருந்து யோசனை கூறலாம். முடிவு செய்வதில் அவர்களுக்கு வோட்டில்லை. நகல் திட்டம் வெளியிடப்பட்டு, ஜனங்களின் ஆட்சேபங்கள் கேட்கப்படும். கமிஷனின் இறுதி உத்தரவுக்குச் சட்டத்தின் வலிமை உண்டு. அதைத் திருத்தப் பார்லிமெண்டும் முன்போல் பேனாவை எடுக்க முடியாது. பெரும்பான்மைக் கட்சியின் கையிலிருந்த ஓர் ஆயுதம் சந்தடியில்லாமல் பிடுங்கப்பட்டது. அப்போது பார்லிமெண்டில் மிகப் பெரும்பான்மை பெற்றிருந்த காங்கிரஸ் அதற்கு இணங்கியது அக்கட்சிக்கும் கௌரவமே.

நியாயஸ்தலங்களும் இதில் தலையிடலாகாதென்று அரசியல் சட்டத்தின் 329வது ஷரத்து கூறுகிறது. முதல் தேர்தலின்போதே அந்த ஷரத்துக்குச் சோதனை வந்தது. வந்த இடம் நமது நாமக்கல். மனு நிராகரிக்கப்பட்ட சட்டசபை அபேட்சகர் ஒருவர் ஹைக்கோர்ட்டுக்கும், அங்கிருந்து சுப்ரீம் கோர்ட்டுக்கும் சென்றார். தேர்தல் நடந்து முடிந்த பின் தேர்தல் மனு மூலமே பரிகாரம் தேடலாம், நடுவில் நிறுத்த இயலாதென்று 1952 ஜனவரி 21ஆந் தேதி தீர்ப்பாயிற்று. பின்னர் 1966இல் உஜ்ஜயினித் தொகுதி சம்பந்தமான வழக்கில், வரையறைக் கமிஷனின் உத்தரவும் நியாயஸ்தலத்தின் கேள்விக்கு அப்பாற்பட்டதென்று சுப்ரீம் கோர்ட்டு கூறியது. இல்லாவிடில் ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு வழக்கு முளைத்துத் தேர்தலே நடவாது போயிருக்கும். ஆனால் அப்பீலில்லாத அதிகாரம் எவரிடமிருந்தாலும் ஜனங்கள் விழித்திருக்க வேண்டியது இரட்டிப்பு அவசியம் என்பதையும் நாம் மறக்கலாகாது.

முதல் தேர்தலில் சென்னை ராஜ்யச் சட்டசபைக்கு 309 தொகுதிகள். அவற்றில் 66 இரட்டை அங்கத்தினர் தொகுதிகள். ஆக 375 ஸ்தானங்கள். காங்கிரஸுக்குக் கிடைத்தவை 152, பெரும்பான்மை இல்லை. வட ஆற்காடு, தென்னாற்காடு ஜில்லாக்களில் செல்வாக்குக் கொண்டிருந்த தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி 19 ஸ்தானங்களையும், காமன்வீல் கட்சி 6 ஸ்தானங்களையும் பெற்றன. ஸ்ரீ ராஜாஜியின் மந்திரிசபை நிலைக்க இவ்விரு கட்சிகளின் ஆதரவு துணையாயிற்று. ஒரே வட்டாரத்தில் செறிந்து வாழும் ஜனங்களின் வோட்டு, கோடு அவர்களைச் சிதறடிக்காதபோது எவ்வளவு பலம் பெறுகிறதென்பதற்கு இது நம் வீட்டு வாசலிலேயே நிகழ்ந்த திருஷ்டாந்தம்.

1953 அக்டோபர் 1ஆந் தேதி ஆந்திரம் பிரிந்தது. 1956 நவம்பர் 1ஆந் தேதி மலபாரும் தென் கன்னடமும் பிரிந்து சென்றன. கன்யாகுமரியும் செங்கோட்டையும் நம்முடன் சேர்ந்தன. வரைந்த கோடுகளைத் திரும்பவும் வரைந்து 1957இல் ஸ்ரீ சென் இரண்டாவது பொதுத் தேர்தலை நடத்தினார். சிக்கனக்காரரான அவர் பழைய இரும்புப் பெட்டிகளைப் பத்திரப்படுத்தி வைத்திருந்து, அவற்றையே மீண்டும் எடுத்தார். சென்னைச் சட்டசபையின் ஸ்தானங்கள் 205 ஆயின. பார்லிமெண்டின் லோக சபையில் நமக்கு 41. அவற்றுள் ஒன்று திருவண்ணாமலை. முதல் முறையாகத் தேர்தலில் இறங்கிய திராவிட முன்னேற்றக் கழகம் லோக சபைக்கு அனுப்பிய இருவரில் ஸ்ரீ ஆர். தர்மலிங்கம் திருவண்ணாமலையின் பிரதிநிதி. ஆளும் கட்சி காங்கிரஸே. ஆயினும் அதை எதிர்த்து நின்ற புதிய கட்சிக்கு இத்தொகுதி கிடைத்தது.

இதற்கிடையில் ஸ்ரீ சென்னின் புகழ் கடல் கடந்திருந்தது. 1953இல் ஸூடான் நாடு தன் முதல் பார்லிமெண்டைத் தேர்ந்தெடுக்க முனைந்தபோது, அங்கு அமைந்த சர்வதேசத் தேர்தல் கமிஷனுக்கு அவரையே தலைவராக அழைத்தார்கள். 1954இல் ராஜாங்கம் அவருக்குப் பத்மபூஷண் விருது அளித்தது. 1958 டிசம்பரில் பதவியை விட்டு விலகினார், ஸ்ரீ கே. வி. கே. சுந்தரம் அவர் ஸ்தானத்தில் அமர்ந்தார். 1960இல் மேற்கு வங்கத்தில் பர்த்வான் சர்வகலாசாலை தோன்றியபோது அதன் முதல் துணைவேந்தர் ஸ்ரீ சென்னே. அப்பத்தாண்டின் முற்பகுதியிலேயே காலமானார். இரண்டு பொதுத் தேர்தல்களின் திறவுகோலைக் கையில் வைத்திருந்தவர், எந்தக் கட்சியின் மேடையிலும் ஏறாமலே வாழ்வை முடித்தார்.

அவருக்குப் பின் நடந்ததையும் சொல்லாவிடில் இச்சரித்திரம் முடியாது. சுயேச்சையான கமிஷன் கோட்டை நேர்மையாக வரையலாம். ஒரு ராஜ்யத்துக்கு எத்தனை ஸ்தானம் என்ற எண்ணை அது தன் விருப்பம்போல் நிர்ணயிக்க இயலாது. அந்த எண் ஜனத்தொகையைப் பற்றிச் செல்வது. 1951க்கும் 1961க்கும் இடையில் தேச முழுவதும் ஜனத்தொகை 21 சதவிகிதத்துக்கு மேல் பெருகிற்று; நம் ராஜ்யத்தில் சுமார் 12 சதவிகிதமே. விளைவாக 1967 தேர்தலில் நமது லோக சபை ஸ்தானங்கள் 41லிருந்து 39ஆகக் குறைந்தன. கோடுகள் மறுபடி வரையப்பட்ட அவ்வேளையில் லோக சபைத் தொகுதிகளின் ஜாபிதாவிலிருந்து திருவண்ணாமலையின் பெயரும் மறைந்தது. சட்டசபையின் ஸ்தானங்கள் மட்டும் 234ஆக உயர்ந்தன.

ஜனத்தொகையைக் கட்டுப்படுத்திய ராஜ்யங்கள் அதற்காகவே நஷ்டப்படலாகாதென்று, 1976இல் 42வது அரசியல் சட்டத் திருத்தம் 1971 கணக்கின்படி ஸ்தானங்களின் எண்ணிக்கையை நிறுத்தி வைத்தது. 2002இல் அமலுக்கு வந்த 84வது திருத்தம் அந்தத் தடையை, 2026க்குப் பின் எடுக்கப்படும் முதல் ஜனத்தொகைக் கணக்கு வெளியாகும் வரை நீட்டியது. எண்களை மாற்றாமல் உள் எல்லைகளை மட்டும் திருத்திய மறுவரையறை 2008இல் அமலுக்கு வந்தது. அதில் திருவண்ணாமலை மீண்டும் லோக சபைத் தொகுதியாயிற்று. ஆனால் எப்படி? 1989இல் வட ஆற்காட்டிலிருந்து பிரிந்த திருவண்ணாமலை ஜில்லாவின் போளூர், ஆரணி, செய்யாறு, வந்தவாசி ஆகியவை ஆரணி லோக சபைத் தொகுதிக்குச் சென்று செஞ்சியுடனும் மயிலத்துடனும் இணைந்தன. ஜவ்வாது மலைக்கு அப்பாலுள்ள ஜோலார்பேட்டையும் திருப்பத்தூரும் திருவண்ணாமலையுடன் சேர்ந்தன. சட்டசபைத் தொகுதிகளில் தண்டராம்பட்டும் பெரணமல்லூரும் மறைந்து, கீழ்பென்னாத்தூர் புதிதாகத் தோன்றிற்று. கிரிவல வீதியில் வசிப்பவரும் ஜோலார்பேட்டை ரயில் சந்திப்பில் வசிப்பவரும் ஒரே பிரதிநிதியிடம் முறையிட வேண்டும். அடுத்த தாலூகாவான போளூர்க்காரர் வேறொருவரிடம் செல்லவேண்டும். இது சரியா தவறா என்று இங்கு தீர்ப்புக் கூற நாம் முற்படவில்லை. ஜனத்தொகையைச் சமமாகப் பங்கிடும்போது எங்கேனும் ஒரு ஜில்லா எல்லையைத் தாண்டத்தான் வேண்டியிருக்கும். எங்கே தாண்டுவது என்பதைப் பற்றி ஊரார் எத்தனை பேர் உரிய காலத்தில் கமிஷன்முன் சென்று தம் கருத்தைச் சொன்னார்கள் என்பதே நம் கேள்வி.

இரண்டு வேறு காரியங்களை நம் ஊழியர்கள் குழப்பிக்கொள்ளலாகாது. எத்தனை ஸ்தானம் என்பது பார்லிமெண்டிலும் ராஜ்யங்களுக்கிடையிலும் பேசித் தீர்க்கவேண்டிய அரசியல் நியாயம். அதில் நம் ராஜ்யம் கட்சி பேதமின்றி ஒரே குரலில் வாதாட வேண்டும். 1967இல் இழந்த இரண்டு ஸ்தானங்களே அதற்குப் போதிய காரணம். எல்லை எங்கே என்பதோ கமிஷன் முன் படத்துடனும் கணக்குடனும் சென்று நிரூபிக்கவேண்டிய விஷயம். முன்னதைப் பற்றி மேடையில் முழங்கிவிட்டுப் பின்னதில் உறங்கினால், கிடைத்த ஸ்தானமும் நமக்குப் பயன்படாமல் போகும்.

ஸ்ரீ சென் நமக்கு ஒரு முறையை விட்டுச் சென்றிருக்கிறார். கோடு வரைவோர் தேர்தலில் நிற்பவரல்லர். நகல் பகிரங்கமாக வெளியிடப்படும். ஆட்சேபம் சொல்ல ஜனங்களுக்கு உரிமையுண்டு. அம்முறைக்கு உயிர் கொடுப்பது ஜனங்களின் வேலை. நகல் வெளியாகும் நாளன்று ஒவ்வொரு தாலூகாவிலும் பத்துப் பேராவது அதை வரி வரியாகப் படிக்கவேண்டும். எந்தக் கிராமம் எந்தச் சந்தைக்குப் போகிறது, எந்த ஓடை மழைக்காலத்தில் பாதையை மறிக்கிறது, மலைவாசிகள் எவ்வழியே இறங்கி வருகிறார்கள் என்பதைக் கமிஷனில் அமரும் நீதிபதிகள் அறியமாட்டார்கள், ஊரார் அறிவார்கள். அந்த அறிவை எழுத்தில் கொண்டுபோய்க் குறித்த தேதிக்குள் சமர்ப்பிக்காதவர், பிறகு தோல்விக்குக் கோட்டைப் பழிப்பதில் நியாயமில்லை. அத்தகைய பத்துப் பேரை இப்போதே திரட்டி, கிராம வாரியாகப் படமும் ஜனத்தொகைக் கணக்கும் சேகரிக்கத் தொடங்குமாறு நம் ஊழியர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.